கம்ப்யூட்டர் சயின்ஸில் போஸ்ட்டாக் வேலை தேடுவது எப்படி?

கேள்வி இது: "கம்ப்யூட்டர் சயின்ஸில் பிஎச்.டி. முடியப்போகிறது. ஆறு மாதமாக வேலைத் தளங்களில் போஸ்ட்டாக் விளம்பரம் பார்த்து விண்ணப்பம் போட்டுக்கொண்டிருக்கிறேன். முப்பதுக்கு மேல் அனுப்பியாகிவிட்டது. பதில் வந்தது இரண்டு, இரண்டுமே 'மன்னிக்கவும்'. வேறு எங்கே தேடுவது?"

முப்பதுக்கு இரண்டு பதில் என்பது நீங்கள் நினைக்கிற அளவுக்கு மோசமான கணக்கு இல்லை. பல இடங்களில் 'மன்னிக்கவும்' என்று எழுதக்கூட யாரும் மெனக்கெடுவதில்லை. நான் இரண்டு இடங்களில் போஸ்ட்டாக் ஆக, அதாவது பிஎச்.டி.க்குப் பின் சில ஆண்டு செய்யும் தற்காலிக ஆய்வு வேலையில், இருந்தவன், இப்போது ஆள் எடுக்கும் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவன். இந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் ஒன்று தெளிவாகத் தெரியும். விளம்பரம் வெளியாகும் நேரத்தில் ஒரு போஸ்ட்டாக் வேலையின் பாதிக் கதை முடிந்திருக்கும்.

நடப்பதைச் சொல்கிறேன். ஒரு பேராசிரியர் ஒரு திட்டத்துக்கு நிதி கேட்டு எழுதுகிறார். எழுதும்போதே 'ஒரு போஸ்ட்டாக், இரண்டு ஆண்டு' என்று பட்ஜெட்டில் ஒரு வரி போடுகிறார். பல மாதம் கழித்து நிதி கிடைக்கிறது. அன்றிலிருந்தே அவர் தலையில் ஓடுவது 'இந்த வேலைக்கு யார்?' என்பதுதான். சென்ற மாநாட்டில் பேசிய ஒருவர், நண்பரின் மாணவர் ஒருவர், தானாக மின்னஞ்சல் போட்ட ஒருவர் என்று மூன்று பெயர் மனதில் வந்துவிடும். அப்புறம்தான் நிர்வாகம் 'விதிப்படி விளம்பரம் கொடுக்க வேண்டும்' என்கிறது. நீங்கள் பார்க்கும் விளம்பரங்களில் ஒரு பகுதி இப்படி வந்தவை. எல்லாமே கண்துடைப்பு என்று சொல்லவில்லை. முன்பின் தெரியாத ஒருவரை விளம்பரம் வழியாக நானே எடுத்திருக்கிறேன். ஆனால் அந்த மூன்று பெயரில் ஒன்றாக இருந்துகொண்டு விண்ணப்பிப்பது வேறு, நூற்றுச் சொச்சம் பிடிஎஃப்களில் ஒன்றாகப் போய் விழுவது வேறு.

அதனால் நான் கொடுக்கும் யோசனை ஒன்றுதான்: பணம் யாரிடம் புதிதாக வந்திருக்கிறது என்று பாருங்கள். இது ரகசியம் எதுவும் இல்லை. பொதுப்பணத்தில் நடக்கும் ஆராய்ச்சி என்பதால் யாருக்கு எவ்வளவு என்பதைப் பெரும்பாலான நாடுகள் ஊரறிய வெளியிடுகின்றன. விண்ணப்பிப்பவர்கள்தான் அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை.

ஐரோப்பிய ஆராய்ச்சிக் கவுன்சிலை எடுத்துக்கொள்ளுங்கள். ஈஆர்சி என்பார்கள். இளம் பேராசிரியர்களுக்கான ஸ்டார்ட்டிங் கிராண்ட் ஐந்து ஆண்டுக்கு 15 லட்சம் யூரோ வரை. அதற்கு அடுத்த படியான கன்சாலிடேட்டர் 20 லட்சம், மூத்தவர்களுக்கான அட்வான்ஸ்ட் 25 லட்சம் வரை. ஸ்டார்ட்டிங் கிராண்ட் முடிவுகள் பொதுவாகச் செப்டம்பர் தொடக்கத்தில் வரும். கன்சாலிடேட்டர் நவம்பர் கடைசி, டிசம்பர் வாக்கில். பெயர், நிறுவனம், திட்டத்தின் தலைப்பு எல்லாம் பட்டியலில் இருக்கும். அதில் கணினி அறிவியலுக்கென்று பிஈ6 என்று ஒரு தனிப் பிரிவு உண்டு. அதை மட்டும் வடிகட்டினால் ஒரு மாலையில் படித்து முடிக்கலாம். பட்டியலில் உள்ள ஏறக்குறைய எல்லோருமே அடுத்த ஓராண்டுக்குள் ஆள் தேடப்போகிறவர்கள். திட்டத்தின் சுருக்கம் பின்னால் கோர்டிஸ் என்ற ஐரோப்பிய ஒன்றியத் தரவுத்தளத்தில் ஏறும்.

அமெரிக்காவில் தேசிய அறிவியல் அறக்கட்டளையான என்எஸ்எஃப் தன் தளத்திலேயே ஒரு தேடல் பக்கம் வைத்திருக்கிறது. தொகை, தொடங்கும் தேதி, முதன்மை ஆய்வாளர் பெயர், ஒரு பக்கச் சுருக்கம் எல்லாம் உண்டு. இதில் ஒரு நுணுக்கம். இளம் பேராசிரியர்களுக்குக் கொடுக்கும் கரியர் விருதைப் பார்த்து உடனே தாவாதீர்கள். அந்தப் பணம் பெரும்பாலும் பிஎச்.டி. மாணவர்களுக்கே சரியாகப் போய்விடும். போஸ்ட்டாக் எடுக்க வசதி உள்ளவை பல பல்கலைக்கழகங்கள் சேர்ந்து நடத்தும் பெரிய திட்டங்கள். 2020 முதல் தொடங்கப்பட்ட தேசிய ஏஐ ஆராய்ச்சி நிறுவனங்கள் ஒவ்வொன்றுக்கும் ஐந்து ஆண்டுக்குச் சுமார் 2 கோடி டாலர். அந்த அளவு பணத்தை மாணவர்களை மட்டும் வைத்துச் செலவழிக்க முடியாது. பிரிட்டனுக்கு கேட்வே டு ரிசர்ச், ஜெர்மனிக்கு டிஎஃப்ஜி என்ற ஆராய்ச்சி நிதி அமைப்பின் கெப்ரிஸ் என்று இதே மாதிரித் தரவுத்தளங்கள் இருக்கின்றன.

இன்னொரு பட்டியலும் இருக்கிறது. அது உங்களிடமே இருப்பது. கடந்த இரண்டு மூன்று ஆண்டில் உங்கள் கட்டுரைகளை மேற்கோள் காட்டியவர்கள் யார் யார்? கூகுள் ஸ்காலரில் ஒரு தட்டு தட்டினால் வந்துவிடும். எட்டே எட்டுப் பேர் இருந்தாலும் போதும். அவர்கள் உங்கள் பெயரை ஏற்கெனவே ஒரு முறை தட்டச்சு செய்தவர்கள். உங்கள் வேலை என்ன என்று அவர்களுக்கு முதலிலிருந்து விளக்க வேண்டியதில்லை. அதே போல, தீசிஸை மதிப்பிட்ட வெளித் தேர்வாளர். உங்கள் கைடைத் தவிர உலகத்தில் அந்த தீசிஸை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்த ஒரே ஆள் அவராகத்தான் இருப்பார். வைவா என்ற வாய்மொழித் தேர்வு முடிந்து கைகுலுக்கிவிட்டு அப்படியே வந்துவிடுகிறோம். 'உங்களுக்குத் தெரிந்து யாராவது ஆள் தேடுகிறார்களா?' என்று கேட்பதில் ஒரு கூச்சம். கேளுங்கள்.

சரி, பெயர்கள் கிடைத்துவிட்டன. அடுத்து மின்னஞ்சல். பெரும்பாலான வாய்ப்புகள் கெட்டுப்போவது இங்கேதான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

எனக்கு வாரத்துக்கு நாலைந்து வரும். முக்கால்வாசி இப்படி இருக்கும்: 'மதிப்பிற்குரிய பேராசிரியர் அவர்களுக்கு, உங்கள் புகழ்பெற்ற ஆராய்ச்சிகளால் பெரிதும் ஈர்க்கப்பட்டேன். மெஷின் லேர்னிங், டீப் லேர்னிங், பிளாக்செயின், ஐஓடி, கிளவுட் ஆகியவற்றில் எனக்கு ஆழ்ந்த ஆர்வம் உண்டு...' என் பெயர் ஒரு எழுத்துருவிலும் மற்றதெல்லாம் வேறொரு எழுத்துருவிலும் இருக்கும். ஒட்டிய இடம் தெரியும். இதற்குப் பதில் போடாமல் இருப்பது திமிரால் இல்லை. பதிலுக்கு என்ன எழுதுவது? அதில் எனக்கென்று கேட்கப்பட்ட கேள்வி எதுவுமே இல்லையே.

இப்போது இதைப் பாருங்கள். துறை மட்டும் கற்பனைக்கு, அமைப்பைக் கவனியுங்கள்.

'வணக்கம். லாக் இல்லாத தரவமைப்புகளைச் சரிபார்ப்பது பற்றிய உங்கள் சென்ற ஆண்டுக் கட்டுரையின் கடைசிப் பகுதியில், நினைவகத்தை விடுவிக்கும் இடத்தை உங்கள் முறை கையாளவில்லை என்று சொல்லியிருக்கிறீர்கள். என் தீசிஸின் மூன்றாம் அத்தியாயம் அந்த இடத்தைப் பற்றியதுதான். ஹசார்ட் பாயின்ட்டர் பயன்படுத்தும் நிரல்களுக்கு ஒரு நிரூபண முறை உருவாக்கி, அதை நிரூபண உதவிக் கருவியிலும் முழுமையாகச் செய்திருக்கிறேன். கட்டுரையும் கோடும் இணைப்பில் உள்ளன. உங்கள் முறையோடு சேர்த்தால் இரண்டும் பொருந்தும் என்று நினைக்கிறேன், ஒரு இடத்தைத் தவிர; அந்த இடம் எது என்பதை இணைப்பில் அரைப் பக்கத்தில் எழுதியிருக்கிறேன். ஏப்ரலில் வைவா. அதன் பிறகு எப்போது வேண்டுமானாலும் சேர முடியும். உங்கள் புதிய திட்டத்தில் போஸ்ட்டாக் எடுக்கும் எண்ணம் உண்டா? இல்லையென்றால், செப்டம்பரில் மேரி க்யூரி ஃபெலோஷிப்புக்கு உங்களை ஹோஸ்ட்டாக வைத்து விண்ணப்பிக்கலாமா?'

அவ்வளவுதான். புகழ்ச்சி ஒரு வரிகூட இல்லை. ஆனால் படித்திருக்கிறார் என்று தெரிகிறது. அதுவும் கட்டுரையின் பலவீனமான இடம் வரைக்கும் படித்திருக்கிறார். 'ஒரு இடத்தைத் தவிர' என்ற சொற்களைப் பார்த்ததும் அந்த இணைப்பைத் திறக்காமல் என்னால் இருக்க முடியாது. கடைசியில் இரண்டு கேள்விகள், இரண்டுக்கும் ஆமாம் இல்லை என்று ஒரு நிமிடத்தில் பதில் சொல்லிவிடலாம். பணம் இல்லாத பேராசிரியருக்கும் ஆமாம் சொல்ல இரண்டாவது கேள்வி ஒரு வழி கொடுக்கிறது.

இப்படி ஒரு மின்னஞ்சல் எழுத ஒன்றரை நாள் பிடிக்கும். முப்பது எழுத முடியாது, ஆறு ஏழு எழுதலாம். போதும். இரண்டு வாரம் பதில் இல்லையென்றால் ஒரே ஒரு முறை நினைவூட்டுங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் விட்டுவிடுங்கள்; மூன்றாவது முறை எழுதினால் தொந்தரவு. இன்னொன்று, இதே ஆட்களில் ஒன்றிரண்டு பேருக்கு உங்கள் கைடு இரண்டு வரி எழுதினால் விஷயம் வேறு வேகத்தில் நகரும். கைடுகள் தாமாகச் செய்யமாட்டார்கள், மறந்துவிடுவார்கள். பெயர்ப் பட்டியலோடு போய் 'இவர்களில் யாரை உங்களுக்குத் தெரியும்?' என்று கேளுங்கள்.

அந்த இரண்டாவது கேள்விக்கு வருவோம். சொந்தமாக ஃபெலோஷிப், அதாவது உங்கள் பெயரிலேயே வரும் நிதி, கொண்டுபோவது. மேரி ஸ்க்லடோவ்ஸ்கா க்யூரி பெயரில் ஐரோப்பிய ஒன்றியம் கொடுக்கும் போஸ்ட்டாக் ஃபெலோஷிப் ஐரோப்பாவுக்குள் ஓராண்டிலிருந்து இரண்டாண்டு வரை. எந்த நாட்டுக்காரரும் போடலாம். கடைசித் தேதிக்குள் பிஎச்.டி. முடிந்திருக்க வேண்டும், பட்டம் வாங்கி எட்டு ஆண்டுக்குள் இருக்க வேண்டும், போகப்போகும் நாட்டில் முந்தைய 36 மாதத்தில் 12 மாதத்துக்கு மேல் இருந்திருக்கக் கூடாது. இந்தக் கடைசி விதியில்தான் நிறையப் பேர் கவிழ்வார்கள். ஒரு நாட்டில் பிஎச்.டி. முடித்துவிட்டு அதே நாட்டிலேயே விண்ணப்பிக்கப் பார்ப்பார்கள். சின்ன விதிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறும் என்பதால் அந்தந்த ஆண்டின் கையேட்டைப் படித்துவிடுங்கள். போட்டி கடுமை. 2024-ல் விண்ணப்பங்கள் பத்தாயிரத்தைச் சற்றே தாண்டியிருந்தன, 2025-ல் 17,000-ஐத் தாண்டிவிட்டன. அப்படியும் போடச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. எழுதும் இரண்டு மாதமும் ஹோஸ்ட், அதாவது உங்களைச் சேர்த்துக்கொள்ளும் பேராசிரியர், உங்களோடு சேர்ந்து யோசிப்பார். ஃபெலோஷிப் கிடைக்காமல் போனாலும் அடுத்த முறை அவரிடம் பணம் வரும்போது முதலில் நினைவுக்கு வருவது நீங்கள்தான். தவிர, நூற்றுக்கு 85 மதிப்பெண் வாங்கியும் நிதி கிடைக்காதவர்களுக்கு 'சீல் ஆஃப் எக்ஸலன்ஸ்' என்று ஒரு சான்று தருகிறார்கள். அதை வைத்துத் தங்கள் பணத்தில் எடுத்துக்கொள்ளும் நாடுகளும் பல்கலைக்கழகங்களும் உண்டு.

ஜெர்மனியின் ஹம்போல்ட் ஃபெலோஷிப்புக்குக் கடைசித் தேதியே கிடையாது, எப்போது வேண்டுமானாலும் போடலாம். பிஎச்.டி. முடித்து நான்கு ஆண்டுக்குள் இருப்பவர்களுக்கு ஒரு வகை, அதற்கு மேல் அனுபவம் உள்ளவர்களுக்கு இன்னொரு வகை. ஜப்பானின் ஆராய்ச்சி நிதி அமைப்பான ஜேஎஸ்பிஎஸ் கொடுக்கும் ஃபெலோஷிப்புக்கு அங்குள்ள ஹோஸ்ட்தான் தன் நிறுவனம் வழியாக விண்ணப்பிப்பார். பட்டம் வாங்கி ஆறு ஆண்டுக்குள் இருக்க வேண்டும். கணினியிலிருந்து உயிரியல் பக்கம் தாவ நினைப்பவர்களுக்கு ஹெச்எஃப்எஸ்பி என்ற சர்வதேச உயிரியல் ஆய்வு நிதி அமைப்பின் கிராஸ் டிசிப்ளினரி ஃபெலோஷிப் மூன்று ஆண்டு. உயிரியலுக்கு வெளியே பிஎச்.டி. செய்தவர்களுக்கென்றே உள்ளது அது, பலருக்குத் தெரிவதில்லை. ஏஐ முறைகளை மற்ற அறிவியல்களில் பயன்படுத்துவதற்கு 2022-ல் கூகுளின் முன்னாள் தலைவர் எரிக் ஷ்மிட், அவர் மனைவி வெண்டி பெயரில் 14.8 கோடி டாலரில் அறிவிக்கப்பட்ட போஸ்ட்டாக் திட்டம் ஆக்ஸ்ஃபோர்டு, கார்னெல், டொரன்டோ, சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம் உள்ளிட்ட ஒன்பது இடங்களில் நடக்கிறது.

துறைக்குத் துறை நடைமுறை மாறும் என்பதையும் சொல்லியாக வேண்டும். கம்ப்யூட்டர் சயின்ஸில் ஒரு காலத்தில் போஸ்ட்டாக் என்பதே அபூர்வம். பிஎச்.டி. முடித்த கையோடு உதவிப் பேராசிரியர் வேலை, இல்லாவிட்டால் நிறுவனம். 2008 நிதி நெருக்கடிக்குப் பிறகு பல்கலைக்கழகங்கள் ஆள் எடுப்பதை நிறுத்தியபோது, அமெரிக்காவில் கம்ப்யூட்டிங் ரிசர்ச் அசோசியேஷன் என்எஸ்எஃப் பணத்தோடு 2009-ல் 'சிஐ ஃபெலோஸ்' என்று அவசர அவசரமாக ஒரு போஸ்ட்டாக் திட்டம் தொடங்கியது. 2020-ல் கொரோனா வந்தபோது அதையே மறுபடி தூசிதட்டி எடுத்தார்கள்.

இன்றைக்கு, கணிப்பின் கணித அடிப்படையை ஆராயும் தியரிக்காரர்களின் உலகம் கிட்டத்தட்ட கணிதத்துறை போல. நவம்பர் டிசம்பரில் விண்ணப்பம், குளிர்காலத்தில் முடிவு, அடுத்த இலையுதிர் காலத்தில் சேர்வது. 2012-ல் பெர்க்லியில் தொடங்கிய சைமன்ஸ் நிறுவனம் இதில் பெரிய இடம். ஒரு பருவத்துக்கு ஒரு தலைப்பு, அதற்கு ஏற்ற இளம் ஆய்வாளர்கள் என்று அழைப்பார்கள். பிரின்ஸ்டனின் உயர் ஆய்வு நிறுவனமும் இந்தக் கணக்கில் சேரும். இந்த வட்டாரத்தில் டிசம்பரைத் தவறவிட்டால் ஒரு ஆண்டு போயிற்று. இயங்குதளம், வலையமைப்பு போன்ற சிஸ்டம்ஸ் பக்கம் போஸ்ட்டாக் இடங்கள் குறைவு; நல்லவர்களை நிறுவனங்கள் முன்கூட்டியே கொத்திக்கொண்டு போய்விடும். அதனாலேயே போட்டியும் குறைவு. மெஷின் லேர்னிங்கில் ஆண்டு முழுக்க வரும், ஆனால் ஒரே விளம்பரத்துக்குக் கூட்டம் அம்மும். உயிரியல், மருத்துவம், வானிலை, மொழியியல், சமூக அறிவியல் குழுக்கள் கணினி ஆளுக்காக ஆண்டு முழுக்கக் காத்துக்கிடக்கின்றன. அவர்களின் விளம்பரம் உங்கள் கண்ணில் படுவதில்லை, ஏனென்றால் 'கம்ப்யூட்டர் சயின்ஸ்' என்று தேடினால் அது வராது. 'ஜீனோமிக்ஸ்', 'மருத்துவப் படிமம்', 'காலநிலை மாதிரி' என்று தேடினால் வரும்.

விளம்பரங்களையே விட்டுவிடச் சொல்லவில்லை. பொதுத் தளங்களை மட்டும் நம்பாதீர்கள் என்கிறேன். ஐரோப்பாவுக்கு யுராக்ஸஸ், பிரிட்டனுக்கு ஜாப்ஸ் டாட் ஏசி டாட் யுகே, அமெரிக்காவுக்கு அகாடமிக் ஜாப்ஸ் ஆன்லைன், மேலே சொன்ன கம்ப்யூட்டிங் ரிசர்ச் அசோசியேஷனின் வேலைப் பக்கம். இவற்றை வாரத்துக்கு ஒரு முறை பார்த்தால் போதும். நெருக்கமான விளம்பரம் துறைக்குள்ளேயே சுற்றும் மின்னஞ்சல் குழுக்களில்தான் முதலில் வரும். டேட்டாபேஸுக்கு டிபிவேர்ல்டு, நிரல்மொழிகளுக்கு டைப்ஸ், ரோபோக்களுக்கு ரோபோட்டிக்ஸ் வேர்ல்டுவைடு, மொழிக்கணினியியலுக்கு கார்ப்பரா. கடிதங்கள் கொட்டும், 'போஸ்ட்டாக்' என்ற சொல் உள்ளதை மட்டும் ஒரு தனி ஃபோல்டருக்கு அனுப்ப ஒரு ஃபில்டர் போட்டுவிடுங்கள்.

பல்கலைக்கழகம் மட்டும்தான் என்றும் இல்லை. பிரான்ஸின் இன்ரியா, ஆம்ஸ்டர்டாமின் சிடபிள்யுஐ (பைத்தான் மொழி பிறந்த இடம்), ஜெர்மனியில் மேக்ஸ் பிளாங்க் அமைப்பின் கணினி நிறுவனங்கள், வியன்னாவுக்குப் பக்கத்தில் இஸ்டா, டோக்கியோவில் ரிக்கென் ஏஐபி ஆகிய ஆய்வு நிறுவனங்கள் எல்லாம் போஸ்ட்டாக்குகளை நம்பி நடப்பவை. அங்கே பாடம் எடுக்கும் சுமை குறைவு, பெரும்பாலும் இல்லை. அமெரிக்க தேசிய ஆய்வகங்களில் பெயர்பெற்ற ஃபெலோஷிப்புகள் உண்டு: லாரன்ஸ் பெர்க்லியில் அல்வாரெஸ், ஆர்கோனில் வில்கின்சன். பெரிய அளவுக் கணிப்பு, எண்முறைகள் பக்கம் உள்ளவர்கள் இவற்றைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

விண்ணப்பக் கட்டைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சிவி, இரண்டு பக்க ஆய்வுத் திட்டம், மூன்று பரிந்துரைக் கடிதம். ஆனால் சிவியில் இரண்டு வரி சேருங்கள். நம் துறையில் முக்கியமான கட்டுரைகள் மாநாடுகளில் வருகின்றன, அவை முழுமையாக மதிப்பிடப்பட்டவை என்று ஒரு வரி. ஃபெலோஷிப் குழுவில் இருக்கும் வேதியியல்காரருக்கு மாநாட்டுக் கட்டுரை என்றால் ஒரு பக்கச் சுருக்கம்தான் நினைவுக்கு வரும். நீங்கள் தியரியில் இருந்தால், ஆசிரியர் பெயர்கள் அகர வரிசையில் உள்ளன என்று இன்னொரு வரி. பெயர் 'வி'யில் தொடங்கியதால் எல்லாக் கட்டுரையிலும் கடைசி ஆளாக நின்ற ஒருவரை, 'இவர் எதிலும் முதல் ஆசிரியர் இல்லையே' என்று ஒரு குழு ஒதுக்கப்பார்த்ததை நான் நேரில் பார்த்திருக்கிறேன். பக்கத்தில் ஒரு கணினிக்காரர் இருந்ததால் தப்பித்தார்.

நேர்காணலில் முக்கால் மணி நேரம் உங்கள் ஆய்வைப் பற்றிப் பேசச் சொல்வார்கள். அதன் பிறகு நான் தவறாமல் கேட்கும் கேள்வி: 'இந்தக் கட்டுரையில் சேராமல் போன எது, ஏன் வேலை செய்யவில்லை?' இதற்கு உற்சாகமாகப் பத்து நிமிடம் பேசுபவர் உள்ளே. 'எல்லாம் நன்றாகவே வந்தது' என்பவர்மேல் எனக்குச் சந்தேகம் வந்துவிடும்.

நீங்களும் அவர்களை நேர்காணல் செய்ய வேண்டும். இதை நான் செய்யாமல் பட்டிருக்கிறேன். என் முதல் போஸ்ட்டாக் பல நிறுவனங்கள் சேர்ந்து நடத்திய ஒரு திட்டத்தில். ஒப்பந்தத்தில் 'ஆராய்ச்சி' என்றுதான் இருந்தது. போய்ச் சேர்ந்த பிறகுதான் 'டெலிவரபிள்' என்ற சொல்லின் அர்த்தம் விளங்கியது. மூன்று மாதத்துக்கு ஒரு அறிக்கை, அதற்கு நாலு நாட்டுக்காரர்களோடு தொலைபேசிக் கூட்டம், யாரோ எழுதிய டெமோவை ஓடவைக்கும் வேலை. பதினெட்டு மாதத்தில் சொந்தமாக ஒரே ஒரு கட்டுரை. யாரும் ஏமாற்றவில்லை. நான் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை.

எனவே கேளுங்கள். என் நேரத்தில் எவ்வளவு எனது? சம்பளம் எந்தத் திட்டத்திலிருந்து வருகிறது, அது எப்போது முடிகிறது? பாடம் எடுக்க வேண்டுமா? முன்பு இருந்த போஸ்ட்டாக்குகள் இப்போது எங்கே? கடைசிக் கேள்விக்கான பதிலை, யார் யாரோடு எழுதினார் என்று காட்டும் கணினித்துறைக் கட்டுரைப் பட்டியல் தளமான டிபிஎல்பியிலும் சரிபார்க்கலாம். பேராசிரியரின் பக்கத்தைத் திறந்து, ஆறு ஏழு ஆண்டுக்கு முன் அவரோடு எழுதிய இளையவர்களின் பெயர்களைப் பின்தொடர்ந்து பாருங்கள். மூன்று பேர் நல்ல இடத்தில் இருந்தால் சரி. மூன்று பேரும் எழுதுவதையே நிறுத்தியிருந்தால் அவர்களில் ஒருவருக்கு மின்னஞ்சல் போடுங்கள். வெளியே போனவர்கள் மனம் விட்டுப் பேசுவார்கள்.

ஒப்பந்தத்தில் கவனிக்க வேண்டியவை சில. வேலையா, உதவித்தொகையா? கையில் வரும் பணம் ஒன்று போலத் தெரியும். ஆனால் உதவித்தொகை என்றால் ஓய்வூதியம், வேலையிழப்புக் காப்பீடு, சில இடங்களில் மருத்துவக் காப்பீடுகூட உங்கள் பொறுப்பு. ஓராண்டு ஒப்பந்தம், 'பிறகு நீட்டிக்கலாம்' என்றால் நீட்டிப்புக்குப் பணம் உறுதியா என்று எழுத்தில் கேளுங்கள். இல்லையென்றால் சேர்ந்த நான்காம் மாதமே அடுத்த வேலை தேடத் தொடங்க வேண்டியிருக்கும். ஜெர்மனியில் தற்காலிக ஒப்பந்தங்களுக்குச் சட்டப்படி பிஎச்.டி.க்கு முன் ஆறு ஆண்டு, பின் ஆறு ஆண்டு என்று பொதுவான வரம்பு இருக்கிறது. அந்தக் கடிகாரம் ஓடத் தொடங்கிவிடும் என்று தெரிந்து போங்கள். அமெரிக்காவில் ஜே-1 விசாவில் ஆய்வாளராகப் போனால் அதிகபட்சம் ஐந்து ஆண்டு. இடையில் திட்டத்தை முடித்துத் திரும்பினால் அதே வகையில் மறுபடி போக 24 மாதம் காத்திருக்க வேண்டும். சிலருக்கு, முடிந்ததும் இரண்டு ஆண்டு சொந்த நாட்டில் இருந்தே ஆக வேண்டும் என்ற நிபந்தனையும் சேரும். உங்களுக்கு அது உண்டா என்பதைக் கையெழுத்துக்கு முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அப்புறம், செயலாக்கக் கட்டணம், விசா முன்பணம் என்று யார் பணம் கேட்டாலும் அது மோசடி. பேச்சே வேண்டாம்.

காலக்கணக்கு: வைவாவுக்கு ஓராண்டு முன்பே தொடங்குவது நல்லது. நீங்கள் ஆறு மாதத்தைச் செலவழித்துவிட்டீர்கள், பரவாயில்லை. இந்த வாரம் புதிய விண்ணப்பம் எதுவும் போடாதீர்கள். உங்களை மேற்கோள் காட்டியவர்கள் பட்டியலையும் கடைசியாக வந்த ஈஆர்சி, என்எஸ்எஃப் பட்டியல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டிலும் வரும் பெயர்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஒரு பெயர் கிடைத்தாலும் அந்த ஒன்றரை நாள் மின்னஞ்சலை அவருக்கு எழுதுங்கள்.

'மன்னிக்கவும்' என்று எழுதினார்களே இரண்டு பேர், அவர்களுக்கும் நன்றி சொல்லி இரண்டு வரி எழுதுங்கள்: 'இடம் மறுபடி காலியானால் நான் இன்னும் தயாராக இருக்கிறேன்.' முதலில் தேர்வான ஆள் வசந்த காலத்தில் பேராசிரியர் வேலை கிடைத்துக் கழன்றுகொள்வது சாதாரணமாக நடக்கும். என் குழுவில் இப்போது இருப்பவர் அப்படி வந்தவர்தான். இடம் காலியான அன்று நான் பழைய விண்ணப்பக் கட்டைத் திறக்கவில்லை. அவருடைய அந்த இரண்டு வரியைத் தேடித்தான் மின்னஞ்சலைத் திறந்தேன்.